பிடியாணையும் பிறர் மானமும்

திருமறையின் 49ஆம் அத்தியாயமாகிய 'அல்ஹுஜுராத்' 18 வசனங்களே கொண்ட சிறிய அத்தியாயம். மனிதர் மனிதரோடு பழகும் முறைமையைக் கற்பிப்பதில் அதற்கு ஈடான பாடம் வேறில்லை என்று மதரஸாவில் எங்கள் உஸ்தாத் அவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதன் 6ஆம் வசனம், நம்பத்தகாத ஒருவன் கொணரும் செய்தியைத் தீர விசாரித்துத் தெளியுமாறு பணிக்கிறது. 12ஆம் வசனமோ பிறர் வாழ்வைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. முன்னதற்குத் 'தபய்யுன்' என்று பெயர். பின்னதற்குத் 'தஜஸ்ஸுஸ்' என்று பெயர். ஒன்று கடமை, மற்றது பாவம்.

இளமையில் இவற்றை ஓதியபோது இரண்டுக்கும் இடையே எனக்கு எவ்விதச் சிக்கலும் தோன்றவில்லை. விசாரிப்பது வேறு, துருவுவது வேறு என்பது பகலும் இரவும் போலத் தெளிவாயிருந்தது. ஐம்பது வயதைக் கடந்தபின், ஒரு திருமணப் பேச்சின் நடுவில், அவ்விரண்டின் எல்லைக்கோடு எங்கே என்று தெரியாமல் நான் இடறி விழுந்தேன். அந்த வீழ்ச்சியை மறைத்துவிட்டு அறம் பேசுவது எனக்கு உடன்பாடன்று. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நடந்தது

என் தங்கை மகளுக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையனுக்கு வளைகுடா நாடொன்றில் கணக்கர் வேலை. மார்க்கப் பற்றுள்ள குடும்பம். பேச்சு முற்றுகிற வேளையில் என் தங்கையின் மூத்த மகன், "மாமா, எதற்கும் பையன் பெயரில் கேஸ் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்" என்று கூறிக் கைப்பேசியை எடுத்தான். நீதிமன்றங்களின் இணையதளத்தில் மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு, பெயர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக இட்டான். கடலூர் மாவட்டத்தில் ஒன்றுமில்லை. அண்டை மாவட்டங்களையும் பார்த்தான். ஓரிடத்தில் ஒரு வழக்கு திரையில் வந்து நின்றது. பெயர் ஒன்று, தந்தை பெயரும் ஒன்று. பண மோசடி வழக்கு. வழக்கின் நிலை என்னுமிடத்தில், பிணையில் விடாப் பிடியாணை நிறைவேறாமல் நிலுவையிலிருப்பதாகக் குறிப்பு இருந்தது.

என் தங்கை அழுதாள். நான் ஒரு நாள்கூடப் பொறுக்கவில்லை. 'இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்' என்று இடையிலிருந்து பேசியவரிடம் சொல்லியனுப்பினேன். அதுவரை சென்றது என் உரிமை என்றே கொள்வோம். ஆனால் மறு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பழைய நண்பரொருவர், "என்ன ஹஜ்ரத், பரங்கிப்பேட்டைச் சம்பந்தம் நின்றுவிட்டதாமே?" என்று கேட்டார். "பையன்மேல் பிடிவாரண்டு இருக்கிறது" என்றேன். மூன்றே சொற்கள்.

பத்து நாள் சென்று பையனின் தந்தை என் வீட்டிற்கு வந்தார். கையில் காகிதங்கள் அடங்கிய உறை. குற்றம் நடந்ததாகக் கூறப்பட்ட காலத்தில் தம் மகன் இந்நாட்டிலேயே இல்லை என்பதைப் பாஸ்போர்ட்டின் முத்திரைகள் காட்டின. வழக்கறிஞர் ஒருவர் மூலம் அவ்வழக்கின் விவரத்தையும் அறிந்து வந்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வயது நாற்பத்தெட்டு, ஊரும் வேறு. பையனுக்கோ இருபத்தெட்டு. அவர் ஒரு கடுஞ்சொல்லும் கூறவில்லை. தேநீரைப் பருகி முடித்துவிட்டு, "வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, ஹஜ்ரத். ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தேன் என்றார். பள்ளிவாசல் நண்பரிடமும் சென்று என் சொல்லைத் திரும்பப் பெற்றேன். அதற்குள் அதனை யார் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கே நினைவில்லை. ஒருவரிடம் உள்ள குறையை அவர் இல்லாதவிடத்துப் பேசுவது 'கீபத்', இல்லாத குறையைப் பேசுவது 'புஹ்தான்' என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டிய ஹதீஸை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருபவன் நான். அவ்விரண்டில் கொடியதை நானே செய்திருந்தேன்.

பிடியாணை என்பது யாது?

இதன்பின் இவ்விஷயத்தை ஒரு பாடமாகவே எடுத்துப் படித்தேன். சட்டம் தெரியாதவன் கையில் சட்டத்தின் சொல் எத்துணை ஆபத்தானது என்பது அப்போதுதான் விளங்கிற்று.

பிடியாணை என்பது நீதிமன்றம் எழுத்து மூலமாகப் பிறப்பித்து, நீதிபதி கையொப்பமிட்டு, முத்திரை பொறித்து அளிக்கும் ஆணை. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 70ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72ஆம் பிரிவாக உள்ளது. நிறைவேற்றப்படும் வரையில், அல்லது பிறப்பித்த நீதிமன்றமே அதனை ரத்துச் செய்யும் வரையில், அது உயிரோடிருக்கும். ஆண்டுகள் பல கடந்துவிட்டன என்பதற்காகத் தானே மடிந்துவிடுவதில்லை. கைது செய்ய வரும் அதிகாரி அதன் சாரத்தை உரியவருக்கு அறிவிக்க வேண்டும். கேட்டால் ஆணையைக் காட்டவும் வேண்டும். பிணையில் விடத்தக்கது, விடத்தகாதது என அதில் இரு வகை உண்டு.

இவற்றில் எதுவும் தீர்ப்பன்று என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டியது. பெரும்பாலும், அழைத்தும் வராதவரை வரவழைப்பதற்கான கருவியே பிடியாணை. ஏன் வரவில்லை என்பதற்கு அதில் விடை இராது. எங்கள் நெய்வேலியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956இல் நிலக்கரி நிறுவனம் தோன்றி, மறு ஆண்டு சுரங்கம் வெட்டத் தொடங்கியபின் எழுந்த நகரியம் இது. இங்கே வட்டம் வட்டமாக அமைந்த வீடுகள் நிறுவனத்திற்கு உரியவை. ஒருவர் முப்பதாண்டு, முப்பத்தைந்தாண்டு ஒரே வீட்டில் வாழ்ந்து பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாலும், பணி ஓய்வு பெற்றால் அதனைக் காலி செய்தே ஆக வேண்டும். ஓய்வு பெற்றவர் சிதம்பரத்திற்கோ விருத்தாசலத்திற்கோ சொந்த ஊருக்கோ சென்றுவிடுகிறார். என்றோ ஒரு சிட்பண்டுக்கு ஜாமீன் கையெழுத்திட்டவர், அல்லது உறவினருக்காகக் காசோலை கொடுத்தவர் அவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் பெயருக்கு வரும் அழைப்பாணை பழைய வட்டத்தின் பழைய கதவைத் தட்டும். கதவைத் திறப்பவர் புதியவர். 'அவர் இங்கில்லை' என்ற ஒரு விடையில் தொடங்கி, ஒரு நாணயஸ்தரின் பெயரில் பிடியாணை பிறக்கும் நிலைகூட வரலாம். வளைகுடாவில் உழைக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதே கதி நேரலாம். தம் பெயரில் அப்படியொன்று இருப்பதாக எவரேனும் அறிந்தால் ஓடி ஒளியலாகாது. வழக்கறிஞரோடு அதே நீதிமன்றத்தை அணுகி, வராமைக்குரிய காரணத்தைக் கூறி, ஆணையைத் திரும்பப் பெறுமாறு மனுச் செய்வதே வழி.

தேடும் வாயில்கள்

அமெரிக்காவின் மாவட்டங்கள் பலவற்றில், நிறைவேறாத பிடியாணைகளை ஷெரீப் அலுவலகமே பெயர்வாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. எவரும் எவர் பெயரையும் இட்டுப் பார்க்கலாம். நம் நாட்டில் அத்தகைய பொதுப் பட்டியல் இல்லை. இங்குள்ள வாயில்கள் வேறு.

முதலாவது, முதல் தகவல் அறிக்கை. உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பர் 7 அன்று வழங்கிய தீர்ப்பின்படி, பதிவான 24 மணி நேரத்திற்குள் அவ்வறிக்கை காவல்துறையின் இணையதளத்தில் ஏற்றப்பட வேண்டும். இணைய வசதி குறைந்த இடங்களுக்கு அதிகபட்சம் 72 மணி நேரம். பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம் முதலிய நுண்மையான வழக்குகளுக்கு விலக்கு உண்டு. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் மாவட்டம், காவல் நிலையம், ஆண்டு முதலிய விவரங்களைக் கொண்டு அதனைக் காணலாம்.

இரண்டாவது, நாங்கள் நுழைந்த வாயில். மாவட்ட நீதிமன்றங்களின் வழக்குகள் மின்னணு நீதிமன்றத் திட்டத்தின்கீழ் இணையத்தில் உள்ளன. வழக்கு எண், முதல் தகவல் அறிக்கை எண், கட்சிக்காரர் பெயர், வழக்கறிஞர் பெயர் என்று பல வழிகளில் தேடலாம். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கலந்த தனியடையாளம் உண்டு. அதனைக் கொண்டு தேடினால் தவறு நேராது. பெயரைக் கொண்டு தேடினால் நேரும். பிடியாணை பற்றிய செய்தி வழக்கின் நிலையிலோ அன்றாட நடவடிக்கைக் குறிப்பிலோ ஒரு வரியாகவே கிடைக்கும்.

மூன்றாவது, காவல்துறையின் நன்னடத்தைச் சரிபார்ப்பு. வேலைக்கும் குடியிருப்புக்கும் இதற்கென்று முறையான விண்ணப்பம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமோ பிறர் வாழ்வைத் திறக்கும் சாவியன்று. தனி மனிதரின் சொந்தத் தகவலுக்கும், புலனாய்வைக் குலைக்கும் தகவலுக்கும் அதன் 8ஆம் பிரிவு விலக்களிக்கிறது.

ஒரே பெயரில் பலர்

எங்கள் தவறு பெயரில் தொடங்கிற்று. தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குக் குடும்பப் பெயர் பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயருமே அடையாளம். அப்துல் காதரின் மகன் முஹம்மது இஸ்மாயில் என்று தேடினால் தமிழ்நாட்டில் எத்தனை பேர் எழுந்து நிற்பார்கள்! அப்பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் விதங்களோ எண்ணிலடங்கா. சரியானவரைத் தவறவிடுவதும், தவறானவரைப் பிடித்துக்கொள்வதும் ஒரே எழுத்தில் நேர்ந்துவிடும்.

வெட்கத்தோடு சொல்கிறேன்: இது எனக்குத் தெரியாத விஷயமன்று. ஹதீஸ் கலையில் இதற்கென்றே 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்' என்று ஒரு பிரிவு உண்டு. எழுத்தில் ஒன்றாகவும் ஆளில் வேறாகவும் இருக்கும் பெயர்களைப் பிரித்தறிவது அதன் பணி. ஹிஜ்ரி 463இல் காலமான கத்தீபுல் பக்தாதி (ரஹ்) அவர்கள் அப்பெயரிலேயே ஒரு நூல் இயற்றினார்கள். இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தம் முகத்திமாவில், கலீல் இப்னு அஹ்மத் என்னும் பெயரில் மட்டும் அறுவரைக் காட்டுகிறார்கள். தன் பெயரும் ஒன்று, தந்தை பெயரும் ஒன்று, ஆனால் ஆறு வேறு மனிதர்! ஒருவரின் பலவீனம் மற்றொருவர் தலையில் ஏறிவிடக் கூடாதே என்பதற்காக அவர்கள் ஊர், உஸ்தாத், மாணவர், இறந்த ஆண்டு என ஒவ்வொன்றாய் ஒப்பிட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒட்டகத்தில் பயணம் செய்து அவர்கள் காட்டிய பொறுமையை, கையில் எல்லா வசதியும் இருந்தும் ஒரு மாலைப்பொழுதில் நான் காட்டவில்லை.

பிறர் குறையைப் பெயர் சொல்லி எழுதியவர்கள்தாமே அந்த இமாம்கள், அது மட்டும் கீபத் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது, மார்க்கத்தின் ஆதாரத்தைக் காப்பதற்கு அது தேவையாயிற்று. அப்போதும் அவர்கள் அஞ்சியே எழுதினார்கள். எகிப்தில் காழியாக விளங்கிய இப்னு தகீகில் ஈத் (ரஹ்) அவர்கள், பிறர் மானத்தை நெருப்புக் குழியாக உருவகித்து, அதன் விளிம்பில் நிற்கும் இரு சாராராக ஹதீஸ் ஆய்வாளரையும் நீதி வழங்குவோரையும் குறிப்பிட்டார்கள். நம் காலத்தில் மூன்றாவது சாரார் ஒருவர் அவ்விளிம்புக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் கைப்பேசி வைத்திருக்கும் நாமெல்லாரும்தாம்.

திறந்த கதவு யாருக்காக?

'பொதுவில் வைக்கப்பட்டதைப் பார்ப்பது எப்படித் துருவலாகும்? அரசே கதவைத் திறந்து வைத்திருக்கிறதே' என்று என் தங்கை மகன் வாதிட்டான். இது எளிதில் ஒதுக்கத்தக்க வாதமன்று. 

கலீபா உமர் (ரலி) அவர்கள் இரவில் நகர்வலம் வருகையில், ஒரு வீட்டில் எழுந்த ஒலியைக் கேட்டுச் சுவரேறி உள்ளே சென்றதாக ஒரு வரலாறு நூல்களில் வருகிறது. வீட்டிலிருந்தவன், 'நான் செய்தது ஒரு பாவம். தாங்கள் செய்தவை மூன்று' என்று கூறி, துருவியது, வாயில் வழி வராதது, அனுமதியும் ஸலாமும் இன்றிப் புகுந்தது என்று எண்ணிக் காட்டினான். கலீபா அவனை விட்டுச் சென்றார்கள். சுவரேறுவது குற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் நீதிமன்றத்தின் கதவு சுவரன்று. திறந்த மன்றத்தில் நடந்ததை அறிவது தன்னளவில் தஜஸ்ஸுஸ் ஆகாது என்றே நான் கருதுகிறேன்.

எனினும் அக்கதவு எதற்காகத் திறக்கப்பட்டது என்று வினவ வேண்டும். 2016இன் தீர்ப்பு முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்றச் சொன்னது, அண்டை வீட்டார் படித்து மகிழ்வதற்காக அன்று. தம்மீது என்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்பதைச் சாட்டப்பட்டவர் காலத்தில் அறிந்து, தம் உரிமையைக் காத்துக்கொள்வதற்காகவே. நீதிமன்றம் திறந்திருப்பதும் நீதிபதியை மக்கள் கவனிப்பதற்காகத்தான். கைதானவர்களின் பெயரும் குற்றச்சாட்டின் தன்மையும் காவல் நிலையத்தில் எடுப்பாகக் காட்டப்பட வேண்டும் என்று இப்போதைய சட்டத்தின் 37ஆம் பிரிவு கூறுகிறது. அதன் பயனும், எவரும் சுவடின்றி மறைக்கப்பட்டுவிடாமல் இருப்பதே என்று கொள்ளலாம். அதிகாரத்தைக் கண்காணிக்க மக்களுக்குக் கொடுத்த விளக்கை, நாம் அடுத்த வீட்டின் படுக்கையறைக்குத் திருப்பிவிடுகிறோம். விளக்கு குற்றமுடையதன்று, திருப்பிய கைதான் குற்றமுடையது.

வள்ளுவர் அதிகாரங்களை வைத்த இடமும் இங்குச் சிந்திக்கத்தக்கது. 'ஒற்றாடல்' அவருடைய நூலில் பொருட்பாலில், அரசியலில் இருக்கிறது. 'புறங்கூறாமை'யோ அறத்துப்பாலில், இல்லறவியலில் இருக்கிறது. வேந்தனுக்கு வேண்டிய ஒற்றை அவர் இல்லறத்தானுக்கு விதிக்கவில்லை. ஆளைத் தேர்ந்து தெளிவதற்குத் 'தெரிந்து தெளிதல்' என்று தனியே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். தெளிவதும் ஒற்றுவதும் ஒன்றல்ல என்பது நம் தமிழ் மரபிலும் நிலைத்த உண்மை.

பொதுப்பதவியை நாடுவோர் நிலை வேறு. தேர்தலில் நிற்பவர் தம்மீதுள்ள வழக்குகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002 முதல் வற்புறுத்தி வருகிறது. மக்களின் கருவூலத்தைக் கேட்பவர் மக்களின் கேள்விக்கு உட்பட்டவர். தனி மனிதருக்கு அவ்வளவுகோல் பொருந்தாது. ஏட்டில் பெயர் எழுதிவிட்டால் மனிதனே குற்றவாளியாகிவிடுகிறான் என்று நம்பிய அரசு ஒன்று இங்கிருந்தது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் சாதி சாதியாக மக்களைப் பதிவேட்டில் ஏற்றியது. பிறந்த குழந்தையும் அப்பழியோடு பிறந்தது. 1920இல் பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1952 ஆகஸ்டு 31 அன்றுதான் நாடு முழுவதும் அக்கறை நீக்கப்பட்டது. இன்றும் காவல்துறை பேணும் சரித்திரப் பதிவேடு உள்துறை ஆவணமே, பொதுமக்கள் பார்வைக்குரியதன்று என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தெளிவுபடுத்தி, குற்றமற்ற உறவினர் பெயர்களை அதில் சேர்ப்பதையும் கண்டித்தது. அரசுக்கே இத்தனை கட்டுப்பாடு தேவையென்றால் நமக்கு?

விசாரிப்பின் ஒழுங்கு

அப்படியாயின் பெண் கொடுக்கும் தந்தை ஒன்றும் கேளாமல் கொடுத்துவிடுவதா? கூடாது. மார்க்கம் அப்படிக் கண்ணை மூடச் சொல்லவில்லை. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை இருவர் பெண் கேட்டபோது, அவ்வம்மையார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை வேண்டினார்கள். நபியவர்கள் ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் மறைக்காமல் எடுத்துக் கூறி, உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு ஆலோசனை சொன்னார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள இச்செய்தியில் மூன்று நுட்பங்களைக் காண்கிறேன். கேட்டவருக்குத் தேவை இருந்தது. சொன்னவர் நேரில் அறிந்ததைச் சொன்னார்கள். இல்வாழ்வுக்கு வேண்டிய அளவே சொன்னார்கள்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களும் இமாம் நவவி (ரஹ்) அவர்களும் பிறர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு இடங்களை எண்ணுகையில், திருமண ஆலோசனையையும் அதில் அடக்குகிறார்கள். ஆனால் 'அவர் உமக்குப் பொருந்தமாட்டார்' என்ற சொல்லே போதுமானால் அதற்குமேல் செல்லலாகாது. என் நிலையை இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள். 'வேண்டாம்' என்று சொல்லியனுப்பியது போதுமானதாயிருந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் கேட்ட நண்பருக்கு மணமுடிக்க வேண்டிய மகள் இல்லை. அவர் கேட்டது ஆவலினால். நான் சொன்னது நாவின் அரிப்பினால்.

உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் மற்றொருவருக்கு நற்சான்று கூறியபோது, 'நீர் அவருடைய அண்டை வீட்டாரா? அவரோடு பயணம் செய்தீரா? பணம் கொடுத்து வாங்கினீரா?' என்ற கருத்தில் மூன்று கேள்விகள் கேட்டதாக அறிவிப்பு உண்டு. மூன்றுக்கும் இல்லையென்றதும், 'அப்படியாயின் நீர் அவரை அறியமாட்டீர்' என்று தள்ளிவிட்டார்கள். இக்கேள்விகளைத் திரையில் இடும் கட்டம் எந்த இணையதளத்திலும் இல்லை. வழக்கே இல்லாத கொடியவர் உண்டு. வழக்குள்ள நல்லவரும் உண்டு. கொரோனா ஊரடங்கை மீறியதாகத் தமிழ்நாட்டில் பதிவான ஏறத்தாழ 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக 2021 பிப்ரவரியில் அரசு அறிவித்தது. அந்தப் பத்து லட்சம் பேரும் குற்ற மனத்தினரா?

ஆகவே நான் எனக்கென்று ஓர் ஒழுங்கை வகுத்துக்கொண்டேன். தேவையின்றித் தேடலாகாது. தேவையிருப்பின் முதலில் உரியவரையே கேட்க வேண்டும். தேடுவதாயின் அதை அவருக்குச் சொல்லிவிட்டே தேட வேண்டும். கண்டது அவர்தாமா என்பதை வயது, முகவரி, வழக்கு எண் கொண்டு உறுதி செய்ய வேண்டும். அவர்தாம் என்றாலும் புகார், பிடியாணை, தண்டனை ஆகிய மூன்றையும் ஒன்றாக்கலாகாது. இறுதியாக, அறிந்ததை மூன்றாமவரிடம் கொண்டுசெல்லலாகாது.

ஏடு மறக்குமா?

ஒரு கேள்வி மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. குற்றம் உண்மையாகவே நிகழ்ந்து, தண்டனையும் முடிந்து, மனிதன் திருந்தியும் விட்டால்? அல்லது வழக்கில் விடுதலையே ஆகிவிட்டால்? ஏடு மறக்க வேண்டுமா?

விடுதலையான ஒருவர், தீர்ப்பில் உள்ள தம் பெயரால் வெளிநாட்டில் குடியுரிமை பெற இயலவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2021 ஆகஸ்டில் ஒரு நீதிபதி அம்மனுவைத் தள்ளினார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்க ஆணையிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவ்வாணைக்குத் தடை விதித்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துக் கூறிய நாட்டில், தீர்ப்புகள் பொதுச்சொத்து என்ற கொள்கையும் அதே வலிமையோடு நிற்கிறது. சிறார் விஷயத்தில் மட்டும் சட்டம் பெரும்பாலும் மறக்கத் துணிந்திருக்கிறது. 2015இன் சிறார் நீதிச் சட்டம் அவர்களின் குற்றப் பதிவுகளை உரிய காலத்திற்குப்பின் அழிக்கச் சொல்கிறது.

நம் இமாம்களும் இக்கேள்வியில் ஒன்றுபடவில்லை. அவதூறு கூறித் தண்டனை பெற்றவன் தவ்பா செய்தபின் அவனுடைய சாட்சியம் ஏற்கப்படுமா என்பதில், அந்நூர் அத்தியாயத்தின் 4, 5ஆம் வசனங்களை வைத்து ஷாபிஈ மத்ஹபினர் ஏற்கப்படும் என்றனர்; ஹனபிகள் ஏற்கப்படாது என்றனர். எங்கள் நகரியத்துப் பள்ளிவாசலில் இரு மத்ஹபினரும் தோளோடு தோள் ஒட்டித் தொழுகிறோம். இந்த வேறுபாட்டையும் அப்படியே ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டியதுதான் போலும். ஆனால் ஒன்றில் இருவரும் மாறுபடவில்லை. தவ்பா செய்தவனை அல்லாஹ் ஏற்கிறான். ஏற்கப்பட்டவனைப் பழைய பாவத்தால் இடித்துரைக்க நமக்கு உரிமையில்லை.

எங்கள் ஊர்ச் சுரங்கத்தின் அடியில், நிலக்கரிப் படுகைக்கும் கீழே, பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. இரவு பகலாக அதனை இறைத்து வெளியேற்றினாலன்றி அடித்தளம் பெயர்ந்து நீர் மேலெழும்பிவிடும் என்பதை இங்குள்ள சிறுவனும் அறிவான். தோண்டுகிறவன் அடியில் நிற்பதை அறிந்தே தோண்ட வேண்டும். மனிதருடைய வாழ்வைத் தோண்டுகிறவனுக்கு அவ்வச்சம் இன்னும் அதிகம் வேண்டும்.

சென்ற ஆண்டு என் தங்கை மகளுக்கு வேறொரு சம்பந்தம் வந்தது. கைப்பேசியை எடுக்க விடாமல், நானே பையனின் வீட்டிற்குச் சென்று, அவன் தந்தையிடம் நேரிடையாகக் கேட்டேன். அவர் சற்றே நாணி, "2020இல் ஊரடங்கு நேரத்தில் மருந்து வாங்கப் போனவனைப் பிடித்து ஒரு கேஸ் போட்டார்கள், ஹஜ்ரத். அவ்வளவுதான்" என்றார். நிக்காஹ் நல்லபடியாக நடந்தேறியது. வலீமா விருந்தின்போது பரங்கிப்பேட்டைப் பெரியவரின் முகம் நினைவுக்கு வந்தது. அவர் என்னை மன்னித்துவிட்டார். ஆனால் என் மூன்று சொற்கள் இன்னும் எங்கெல்லாம் நடந்துகொண்டிருக்கின்றனவோ, அதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.